அத்தியாயம் 5: பூட்டனைத் தேடி – வீட்டுக் காகிதத்திலிருந்து ஒரு வாழ்க்கை

1850இல் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த உங்கள் பூட்டனாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899இல்தான். மாகாணம் முழுவதற்கும் மக்கள்தொகைக் கணக்கு 1871இல் எடுத்தார்கள். ஆனால் வீடுவாரியாகப் பெயர் எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. கூட்டிப்போட்ட எண்கள்தான் அச்சேறின. ஆகவே அரசாங்கம் அவரைத் தேடிவந்து பெயர் எழுதியிருக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்கினால் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுவீர்கள்.

அந்தக் காலத்தில் சாமானியர் பெயர் எழுத்தில் ஏறியது ஐந்து சந்தர்ப்பங்களில்தான்: கடன், பாகம், கல்யாணம், சாவு, கப்பல். இந்த ஐந்தில் எது உங்கள் குடும்பத்தில் எப்போது நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதே தேடலின் முதல் பாதி. எழுதியவர் எந்தக் காரியத்துக்காக எழுதினார் என்று ஒவ்வொரு காகிதத்தையும் கேட்டுப் பார்ப்பது மறுபாதி. யாரும் உங்களுக்காக வரலாறு எழுதிவைக்கவில்லை. கடனை வசூலிக்கவும் வாய்க்கால் தகராறைத் தீர்க்கவும் எழுதிய வரிகளிலிருந்துதான் ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்தாக வேண்டும்.

1. பெட்டியைத் திறந்ததும்

டிரங்குப் பெட்டி, பரண், பூஜை அறை அலமாரி, பழைய தகரக் குழாய் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். எதையும் பிரித்து அடுக்குவதற்கு முன், கிடந்தது கிடந்தபடி படம் எடுத்துவிடுங்கள். ஒரே கயிற்றில் கட்டிய காகிதங்கள் பெரும்பாலும் ஒரே சொத்தைப் பற்றியவை. கட்டு கலைந்தால் அந்தத் தொடர்பும் போய்விடும்.

பிறகு ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் முன்பக்கத்துக்குக் குறைந்ததில்லை. ஸ்டாம்ப் வெண்டர் எழுதிய குறிப்பில் யார், எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில் தாளை வாங்கினார் என்று இருக்கும். பதிவான பத்திரமாக இருந்தால் புத்தகம், வால்யூம், பக்கம், நம்பர் ஆகிய விவரங்களும் பின்பக்கத்தில்தான் இருக்கும். இந்த எண்கள் கையில் இருந்தால், மூலம் கரையான் அரித்திருந்தாலும் பதிவு அலுவலகத்தில் நகல் கேட்கலாம்.

லேமினேஷன் வேண்டாம், செலோ டேப் வேண்டாம். மடிப்பில் கிழிந்த தாளை மெல்லிய பருத்தித் துணிக்கு நடுவில் வைத்துத் தட்டையாகக் கிடத்தினால் போதும். ஓலைச்சுவடியில் எழுத்து தெரியவில்லையென்றால், பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள்; கீறலின் நிழலில் எழுத்து எழுந்து வரும். எண்ணெயும் மையும் பூசுவதைப் பழக்கமுள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

2. பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

"தாத்தாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால், "அவர் ரொம்ப நல்லவர், கோபக்காரர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நிலத்தையும் கடனையும் பிடித்துக் கேளுங்கள்.

"அத்தை, நம்ம வயல் எந்த வாய்க்கால்ல பாஞ்சுது?"

"நடுவாய்க்கா. ஆனா மேலண்டைப் பங்கு நம்மது இல்லையே. அது எங்க தாத்தா காலத்துலேயே ஒத்திக்குப் போனது. திருப்பவே இல்ல."

"யாருகிட்ட ஒத்தி வச்சாங்க?"

"மேலத்தெரு பெரிய வீட்டுல. எங்க பெரிய அத்தை கல்யாணத்துக்குன்னு சொல்லுவாங்க."

இந்த நாலு வரியில் ஒரு கல்யாணம், ஒரு கடன், ஒரு சொத்து, எதிர்த்தரப்பார் வீடு எல்லாம் கிடைத்துவிட்டன. அந்த ஒத்திப் பத்திரத்தின் மூலம் உங்கள் வீட்டில் இல்லாமல் மேலத்தெரு வீட்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பத்திரம் எப்போதும் உரிமை பெற்றவர் கைக்குப் போகும். விற்றவர் வீட்டில் தேடிச் சலிக்காதீர்கள். வாங்கியவர் வம்சத்தைத் தேடுங்கள்.

கேட்க வேண்டிய மற்ற கேள்விகள்: குலதெய்வம் எந்த ஊர்? அந்தக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி யார் யார் கொடுத்தார்கள்? எந்தப் பங்காளி வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை, ஏன்? யார் சுவீகாரம் போனார்கள்? யார் "கரும்புத் தோட்டத்துக்கு" அல்லது "கண்டிச் சீமைக்கு" போனதாகச் சொல்வார்கள்? அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடானால் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர் வாய்ப்பாடமாக இருக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. தேதியை இங்கிலீஷ் ஆண்டுக்கு மாற்றுவது

பழைய பத்திரம் ஒன்றின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*தாது௵ ஆவணி௴ ௨௰௩௳*

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௨௰௩ என்பது இரண்டு பத்து மூன்று, அதாவது 23. கூடவே வரும் வேறு சில குறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்: ௸ மேற்படி, ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று. எண்களை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்ற எழுத்துச் சாயலில் ஒன்றிலிருந்து பத்துவரை பழகிக்கொண்டால் ஒரு மாலைப்பொழுதில் கைவந்துவிடும்.

வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது வருஷம் 1816–17, 1876–77, 1936–37 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எந்தச் சுற்று என்பதைத் தாளே சொல்லும். கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரையா, விக்டோரியா முகம் போட்ட முத்திரையா? பணம் வராகனிலா, ரூபாயிலா? சென்னையில் கம்பெனி கணக்கு 1818இல் வராகனிலிருந்து ரூபாய்க்கு மாறியது. ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். ஊர்வழக்கில் வராகன் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. பதிவு எண் இருந்தால் பத்திரம் பெரும்பாலும் 1865க்குப் பிந்தியது, ஏனென்றால் 1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1865 தொடக்கத்தில்தான்.

பலரும் வழுக்குவது மாதத்தில். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி முழுவதும், மார்கழியின் பின்பாதியும் அடுத்த இங்கிலீஷ் ஆண்டில் விழும். தாது ஆவணி என்றால் 1876. தாது மாசி என்றால் 1877.

வேறு கணக்குகள் கண்ணில் பட்டால்:

– பசலி: 590ஐக் கூட்டுங்கள். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. கிஸ்து (நிலத்தீர்வைத் தவணை) ரசீது, அடங்கல் எல்லாம் இதில்தான் இருக்கும்.
– கொல்லம் ஆண்டு: 824ஐக் கூட்டுங்கள், ஆவணி முதல் மார்கழி முன்பாதி வரை இது சரியாக வரும், அதன் பின்பாதியிலிருந்து ஆடி வரை 825. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுக் காகிதங்களில் சாதாரணம்.
– சாலிவாகன சகாப்தம்: 78ஐக் கூட்டுங்கள்.
– ஹிஜ்ரி: சந்திர ஆண்டு என்பதால் ஒரே எண்ணைக் கூட்டிவிட முடியாது; அட்டவணை பார்த்தாக வேண்டும். ஹிஜ்ரி 1293இன் பெரும்பகுதி 1876இல் வருகிறது.

கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து எழுதியிருந்தால் துல்லியமாகச் சரிபார்க்கலாம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இந்தக் கணக்குக்கென்றே 1911இல் நூல் வெளியிட்டார். இன்று கணினிப் பஞ்சாங்கங்களும் உண்டு. கிழமை பொருந்தவில்லையென்றால் உங்கள் வாசிப்பிலோ சுற்றுக் கணக்கிலோ பிசகு இருக்கிறது என்று அர்த்தம்.

4. பத்திரத்தில் எந்த வரியைப் படிப்பது

கிரயம், ஒத்தி, போக்கியம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை, தானம், உயில், ஜீவனாம்சம், சுவீகாரம், பஞ்சாயத்து யாதாஸ்து என்று வகை பல. எதுவானாலும் சொத்து விவரத்துக்குத் தாவாமல் ஐந்து இடங்களில் நில்லுங்கள்.

*எழுதிக்கொடுத்தவர் விவரம்.* ஜில்லா, தாலுகா, கிராமம், தகப்பனார் பெயர், ஜாதி, மதம், ஜீவனம் என்று வரிசையாக வரும். இன்றைய வரைபடத்தில் அந்த ஜில்லாவைத் தேடாதீர்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் நன்னிலம் இன்று திருவாரூர் மாவட்டம். கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி; அங்கத்திய பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம்.

*காரணம்.* "என் குமாரத்தி விவாகச் செலவுக்காகவும்", "சர்க்கார் தீர்வை பாக்கிக்காகவும்", "எங்கள் தகப்பனார் பட்ட கடனுக்காகவும்" என்று ஏன் பணம் வாங்கினார் என்பதை எழுதுவார்கள். வாழ்க்கை வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய வரி கிடையாது.

*பூர்வோத்தரம்.* சொத்து எப்படி வந்தது? பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா? பாகப்பிரிவினையில் தகப்பன், பாட்டன், செத்துப்போன சகோதரர், வாரிசு இல்லாத சித்தப்பா எல்லாரும் இந்தப் பத்தியில்தான் வருவார்கள்.

*செக்குபந்தி.* நான்கு எல்லையில் யார் யார் நிலம்? பங்கு பிரிந்த நிலம் பங்காளி நிலத்தை ஒட்டித்தான் இருக்கும். கிழக்கேயும் வடக்கேயும் எல்லைக்காரர்களாக வரும் இருவருக்கும் உங்கள் பூட்டனாரின் தகப்பனார் பெயரே தகப்பனார் பெயராக இருந்தால், அவர்கள் அவருடைய அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொண்டு மேலே தேடலாம்.

*கையெழுத்தும் சாட்சியும்.* கையெழுத்துப் போட்டாரா, கீறல் போட்டாரா? கீறலாக இருந்தால் பக்கத்தில் "இன்னார் கைக்கீறல்" என்று இன்னொருவர் எழுதியிருப்பார். சாட்சி போட்டவர்களில் மாமன், மைத்துனன் இருப்பது வழக்கம். மனைவி பிறந்த ஊருக்கு அது வழி காட்டும்.

எழுத்து வாசிப்பில் சில எச்சரிக்கைகள். ஓலையிலும் பழைய காகிதத்திலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். அளவுகளில் "மா" என்பது இருபதில் ஒரு பங்கு என்ற பின்னமாகவும் இருக்கும், நிலப்பரப்பாகவும் இருக்கும். தஞ்சைப் பக்கம் 20 மா ஒரு வேலி. முந்திரி 320இல் ஒரு பங்கு. கூட்டுச் சொத்தில் முந்திரிக் கணக்கில் பங்கு வந்தால், பல தலைமுறை பிரிந்து வந்த சொத்து என்று யூகிக்கலாம்.

பெயரில் ஒரு பொறி உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி முத்துசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். இரண்டு முத்துசாமிகளை ஒருவராக்கி நூறு வயது கொடுத்துவிடுவது இந்தத் தேடலில் அடிக்கடி நடப்பது. பெயர் மட்டும் பொருந்தினால் ஏற்காதீர்கள். தகப்பனார், மனைவி, நிலம் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். ஜாதகத்தில் ஒரு தகப்பனாரும் பத்திரத்தில் வேறொரு தகப்பனாரும் வந்தால் சுவீகாரமா என்று பாருங்கள்.

5. பத்திரம் அல்லாத வீட்டுக் காகிதங்கள்

ஜாதகம் வைத்திருந்த வீடுகளில் பிறந்த தேதிக்கு அதைவிட நெருங்கிய சான்று இல்லை. ஆனால் பலருடைய ஜாதகம் கல்யாணத்தின்போது புதிதாகக் கணித்து எழுதியது. பிறந்தபோது எழுதியதா, பெண் பார்க்கும்போது எழுதியதா என்று தாளின் வயதையும் கையெழுத்தையும் வைத்துக் கவனியுங்கள்.

திதி இறந்த நாளைக் காட்டும். மாதமும் பட்சமும் திதியும் குடும்பத்தில் நிலைத்திருக்கும். ஆண்டு மட்டும் மறந்துபோயிருக்கும். ஆண்டு வரம்பைப் பத்திரங்களிலிருந்து பெற்றுத் திதியோடு இணைக்க வேண்டும்.

மொய் ஏடும் சீர்வரிசைக் கணக்கும் உறவு வலையைக் காட்டும். எந்த ஊரிலிருந்து யார் எவ்வளவு செய்தார் என்பது அதில் இருக்கும். நகரத்தார் வீடுகளில் திருமணத்துக்கு ஓலையில் எழுதிய இசைகுடிமானம் கிடைக்கலாம். கொண்டுவிற்ற குடும்பமானால் பேரேடும் ஐந்தொகையும் பர்மா, மலேயா, இலங்கை என்று கடை இருந்த ஊரைச் சொல்லிவிடும். கடற்கரை முஸ்லிம் வீடுகளில் காகிதம் அரபுத்தமிழில் இருக்கலாம். எழுத்து அரபி, மொழி தமிழ் என்பதால் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் போதும். ஜமாஅத்தின் நிக்காஹ் ஏட்டையும் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் கோயிலிலோ மறைமாவட்டத்திலோ திருமண்டலத்திலோ இருக்கும். கத்தோலிக்கப் பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். பெயரும் தேதியும் வரும் இடம் ஒரே மாதிரி என்பதால் பயப்பட வேண்டாம்.

6. செய்து பார்ப்போம்: நாலு காகிதம், ஒரு சாவு

இது பயிற்சிக்காக அமைத்த மாதிரி. ஒரு வீட்டில் நாலு காகிதமும், வாய்வழியாக ஒரு தகவலும் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பூட்டனார் எப்போது இறந்தார்?

அ. மூத்த மகனின் ஜாதகம்: ஆங்கிரச வருஷம் தை மாதம்.
ஆ. பூட்டனார் எழுதிக்கொடுத்த ஒத்திப் பத்திரம்: தாது வருஷம் ஆவணி 23.
இ. அவர் பெயரில் கிஸ்து ரசீது: பசலி 1296.
ஈ. அவர் மனைவி, மைனர் குமாரர் இருவருக்கும் கார்டியனாக நின்று எழுதிக்கொடுத்த கிரயம்: விரோதி வருஷம் மாசி. இளையவனுக்கு வயது 8 என்று இருக்கிறது.
உ. குடும்பத்தில் திதி கொடுப்பது புரட்டாசித் தேய்பிறையில்.

முதலில் ஆண்டுகள். ஆங்கிரச 1872–73, தை என்பதால் 1873 ஜனவரி, பிப்ரவரி. தாது ஆவணி 23 என்பது 1876 செப்டம்பர் முதல் வாரம். விரோதி 1889–90, மாசி என்பதால் 1890 பிப்ரவரி, மார்ச்.

அடுத்து, இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? மூத்தவன் 1873 தொடக்கத்தில் பிறந்தவன்; 1890 மாசியில் அவனுக்கு 17. 1875ஆம் ஆண்டு மேஜர் சட்டப்படி 18 நிறைய வேண்டும். ஆகவே அவனை மைனர் என்று எழுதியது சரி. ஜாதகமும் கிரயமும் தனித்தனிக் காரியத்துக்காக, தனித்தனி ஆட்கள் எழுதியவை. அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதால் இரண்டையும் நம்பலாம்.

பூட்டனார் 1876 செப்டம்பரில் உயிரோடு இருந்தார், கையெழுத்து இருக்கிறது. 1890 மாசியில் மனைவி கார்டியனாக நிற்பதால் அதற்குள் இறந்திருக்கிறார். இளையவனுக்கு 8 வயது என்றால் 1881 வாக்கில் பிறந்தவன். அதுவரை தகப்பன் இருந்திருக்கிறார். பத்திரத்து வயது உத்தேசம்தான், ஓராண்டு முன்பின் விடுங்கள்.

பசலி 1296 ரசீதைப் பார்த்து, 1886–87இலும் உயிரோடு இருந்தார் என்று சொல்லலாமா? கூடாது. பட்டா மாற்றம் செய்யாத வரை செத்தவர் பெயரிலேயே தீர்வை கட்டிக்கொண்டிருப்பது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அந்த ரசீது நிலம் கையில் இருந்ததற்குச் சான்று. ஆள் இருந்ததற்குச் சான்று ஆகாது.

திதி புரட்டாசியில் வருகிறது. எனவே பூட்டனார் இறந்தது 1881 வாக்கிலிருந்து 1889 வரையிலான ஒரு புரட்டாசித் தேய்பிறையில். அவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் ஒரு சொல் கூடச் சேர்க்காதீர்கள். "வெள்ளிக்கிழமை போனார்" என்று யாராவது சொன்னால், பஞ்சாங்கத்தில் அந்தத் திதி வெள்ளியில் வரும் ஆண்டுகளை மட்டும் வடிகட்டலாம். சொன்னது வாய்மொழி என்பதையும் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.

ஒத்திப் பத்திரத்தின் ஆண்டு இன்னொன்றும் சொல்கிறது. தாது, ஈசுவர, வெகுதானிய வருஷங்கள் 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சக் காலம். அந்த ஆண்டுகளில் வரும் ஒத்தியையும் கிரயத்தையும் கல்யாணச் செலவு என்று குடும்பம் சொன்னாலும், காரணப் பத்தியை ஒருமுறை நேரில் படித்துவிடுங்கள்.

7. வீட்டை விட்டு வெளியே

*பதிவு அலுவலகம்.* இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைத் தாண்டி உதவாது. பழைய காலத்துக்கு மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். முதல் இன்டெக்ஸ் ஆட்களின் பெயர்வாரியானது, இரண்டாவது சொத்துவாரியானது. ஊரும் உத்தேச ஆண்டும் தெரிந்தால் பெயர் இன்டெக்ஸில் தொடங்குங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் காலமான பின் அதன் நகலை யாரும் கேட்கலாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், இன்டெக்ஸில் இல்லை என்பது பத்திரமே எழுதவில்லை என்பதற்குச் சான்றாகாது.

*தாலுகாவும் ஆட்சியர் அலுவலக ரிக்கார்டு ரூமும்.* இன்றைய சர்வே நம்பரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணியில் பல நம்பர்கள் மாறின. பழைய நம்பர், புதிய நம்பர் ஒப்பீட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். அதிலிருந்து ரீசெட்டில்மென்ட் பதிவேடு, அதற்கு முந்திய செட்டில்மென்ட் பதிவேடு என்று பட்டாதாரர் பெயரைப் பின்தொடரலாம். ஜமீன் கிராமங்களில் 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்கு முந்திய கணக்கு ஜமீன் கச்சேரியைச் சேர்ந்தது. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் நீங்கியது. சில ஊர்களில் பழைய கணக்கு ஏடுகள் இன்னும் முன்னாள் கர்ணம் வீட்டிலேயே இருக்கின்றன. போய் விசாரிப்பதில் தப்பில்லை.

*இனாம் பதிவேடு.* உங்கள் குடும்பத்துக்குக் கோயில் ஊழியம், வைத்தியம், தண்ணீர்ப்பந்தல், வேதவிருத்தி, கிராம வேலை என்று எதற்காகவாவது இனாம் நிலம் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய ஏடு இது. முதலில் இனாம் பெற்றவர் யார், கொடுத்தவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, இருப்பிடம் எது, முதல் இனாம்தாரருக்கு என்ன உறவு என்று தனித்தனிக் கலம் உண்டு. 1860களில் ஒருவரின் வயதும் வம்சமும் சேர்ந்து கிடைக்கும் அரசாங்க ஏடுகள் வேறு அதிகம் இல்லை.

*எழும்பூர் ஆவணக் காப்பகம்.* 1909இல் மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. பூட்டனார் சர்க்கார் உத்தியோகத்தில், மணியமாகவாவது, இருந்திருந்தாலோ, தீர்வை, பாசனம், கோயில் தகராறில் மனுப் போட்டிருந்தாலோ இங்கே தேடலாம். ஆள் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் வராது; ஜில்லா, துறை, ஆண்டு, பிரச்சினை என்று கேட்க வேண்டும்.

*நீதிமன்றத் தீர்ப்புகள்.* ஆண் வாரிசில்லாமல் இறந்தவரின் விதவைக்கு அன்று ஆயுள் அனுபவம் மட்டுமே. அவர் காலத்துக்குப் பிறகு பின்னுரிமை கேட்டுப் பங்காளிகள் வழக்காடியது ஏராளம். அந்த வழக்குகளில் வம்சாவளிப் படமே சாட்சியமாகத் தாக்கலாகும். சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியது. அதன் முக்கியத் தீர்ப்புகள் 1876 முதல் வரிசையாக அச்சில் இருக்கின்றன. குடும்பத்தில் "கேஸ்ல தோத்துப்போன சொத்து" என்ற பேச்சு இருந்தால் இதை விடாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வழக்குக்காக எழுதிய வம்சாவளி ஜெயிப்பதற்காக எழுதியது. தோற்றவர் தரப்புப் படத்தையும் பாருங்கள்.

8. நிலமே இல்லாத குடும்பம் என்றால்

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நிலமுள்ளவர்களுக்கு. பண்ணையாளாகவும் கைத்தொழிலாளராகவும் வாழ்ந்த முன்னோரை எழுத்தில் பிடிக்க அடுத்தவர் பெட்டியைத் தேட வேண்டும். மிராசுதார் வீட்டுப் பண்ணைக் கணக்கில் ஆள்வாரியாக நெற்கூலியும் முன்பணமும் இருக்கும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய பணத்துக்கு உழைப்பை ஈடாக எழுதிக்கொடுத்த முறிகள் அதே வீட்டில் கிடைக்கலாம். மிஷன் பதிவேடுகளும் ஒடுக்கப்பட்ட சாதியாரின் பெயரை, பெண்கள் பெயரோடு சேர்த்து, எழுதியிருக்கின்றன.

அதைவிட விரிவானது கப்பல் ஏடு. ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்தவரைப் பற்றி அதே ஊரில் தங்கிய மிராசுதாரைவிடக் கூடுதல் விவரம் எழுத்தில் உண்டு. நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை அங்கே போனவர்கள் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியலில் ஆள் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை இருக்கின்றன. மொரிஷியஸுக்கு 1834இலிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் போனார்கள். அந்த ஏடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. ஒருபகுதிக்குப் புகைப்படமும் உண்டு. காரைக்கால், புதுச்சேரி வழியாக ரீயூனியன் போனவர்களுக்குப் பிரெஞ்சு ஆவணங்களைத் தேட வேண்டும்.

தேடும்போது எழுத்துக்கூட்டலைத் தளர்த்துங்கள். முனுசாமி அங்கே மூன்சாமி ஆகியிருப்பார். ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதியிருப்பார். ஊரையும் தகப்பன் பெயரையும் தாலுகாவையும் சேர்த்து உச்சரித்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கங்காணி வழியாகப் போனதால் இப்படி ஆள்வாரி ஏடு கிடைப்பது அரிது; அங்கே தோட்டப் பெயரும் கங்காணி பெயரும்தான் பிடிமானம்.

பெண்களைத் தேடவும் இந்தப் பகுதியின் முறைதான். சொத்துப் பத்திரத்தில் அவர்கள் பெயர் வருவது பெரும்பாலும் விதவையான பிறகு: கார்டியன், ஜீவனாம்சம், விடுதலை. அதற்கு முந்திய வாழ்க்கைக்குப் பிறந்த வீட்டுச் சீதனக் கணக்கையும் தாய்வழித் தர்ப்பணப் பெயர்களையும் பாருங்கள்.

9. எழுதிவைக்கும் முறை

ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஆண்டு வரிசை: நிகழ்ச்சி, எந்தக் காகிதம், அது எங்கே இருக்கிறது, யார் எதற்காக எழுதியது. வலப்பக்கம் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள்:

– *உறுதி*: தொடர்பில்லாத இரண்டு காகிதங்கள் ஒத்துப்போகின்றன.
– *உத்தேசம்*: ஒரே காகிதம், அல்லது காகிதத்தோடு வாய்மொழி.
– *பேச்சு*: வாய்மொழி மட்டும்.

அரண்மனைச் சேவகம், பாளையக்காரர் வம்சம், காசியிலிருந்து வந்த மூதாதை போன்ற கதைகளைப் "பேச்சு" என்ற குறியோடு அப்படியே எழுதிவையுங்கள். தூக்கி எறியவும் வேண்டாம், மேலேற்றவும் வேண்டாம்.

சங்கடமான செய்தி வரத்தான் செய்யும்: இரண்டாம் தாரம், பங்காளியை ஏமாற்றிய கிரயம், அடிமைத்தனத்துக்கு ஈடான முறியில் நம் வீட்டார் வாங்கும் பக்கத்தில் நின்றது. நோட்டில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் சொத்து விவரமும் வரும் பக்கத்தை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்களைக் காட்டி யாராவது நிலத்தில் உரிமை கொண்டாட நினைத்தால் அது வக்கீலின் வேலை, இந்தப் புத்தகத்தின் வேலை அல்ல. மூலத்தைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, படங்களின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை அவர் வீட்டுப் பரணில் இன்னொரு கட்டு அகப்பட்டால் உங்களைத்தான் கூப்பிடுவார்.